உதயகிரிக் கோட்டைக்கு வாசல் ஆரல்வாய்மொழி

கன்னியாகுமரி மாவட்டத்துப் புலியூர்க்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கி உதயகிரிக் கோட்டைக்குள் போகிறவர்களில் பாதிப்பேர் மான் பார்க்கப் போகிறவர்கள். வனத்துறை அங்கே பல்லுயிர்ப் பூங்கா நடத்துகிறது. மரநிழல் உண்டு, பறவைக் கூண்டுகள் உண்டு, பிள்ளைகள் ஓடியாட இடமும் உண்டு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், கோட்டையைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய ஐரோப்பியப் படை அதிகாரி டிலனாயின் கல்லறையைத் தேடிப் போவார்கள். ஊரில் பழைய ஆட்கள் கோட்டையையே ‘டிலனாய் கோட்டை’ என்றுதான் சொல்வார்கள்.

சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துவிட்டு வெளியே வருகிறபோது ஒரு கேள்வி வர வேண்டும். பலருக்கு வருவதில்லை. இவ்வளவு பெரிய கருங்கல் சுவரை இங்கே எதற்குக் கட்டினார்கள்? அன்றைய திருவிதாங்கூர் ராஜ்யத்தின் எல்லை ஆரல்வாய்மொழியில் இருந்தது. அது இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கிழக்கே. கடலும் பக்கத்தில் இல்லை. எதிரி வந்து நிற்கப்போகிற இடம் ஒன்று, கோட்டை நிற்கிற இடம் இன்னொன்று.

உதயகிரியைத் தனியாகப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாய், கடலோரத்து வட்டக்கோட்டை, பத்மநாபபுரம், உதயகிரி ஆகிய நான்கையும் ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வாசற்கதவு ஆரல்வாய்மொழி என்றால், உதயகிரி உள்ளறையில் வைத்த பெட்டகம். வாசலில் சண்டை நடக்கும். பெட்டகத்தில் சாமான் இருக்கும். இந்தக் கோட்டையின் வரலாறு முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் ஓடுகிறது.

மலை விட்ட வழி

மேற்குத் தொடர்ச்சி மலை மகேந்திரகிரி வரை உயர்ந்து வந்து, அதற்குத் தெற்கே சட்டென்று இறங்கிவிடுகிறது. ஆரல்வாய்மொழியில் மலைக்கு நடுவே ஒரு இடைவெளி. அதற்கும் தெற்கே குன்றுகள் துண்டு துண்டாக மருந்துவாழ்மலை வரை போய், பிறகு கடல். திருநெல்வேலிச் சீமையில் இருந்து இந்தப் பக்கம் வர வேண்டுமானால், மாட்டு வண்டியும் பீரங்கியும் போகிற மாதிரி மிக வசதியான வழி இதுதான். இன்றைக்கும் நெடுஞ்சாலை, ரயில் இரண்டும் இதே இடைவெளியில்தான் நுழைகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றும் இதே சந்தில் நெருக்கிக்கொண்டு பாய்வதால்தான் முப்பந்தலில் இவ்வளவு காற்றாலைகள்.

கணவாயின் இரண்டு பக்கமும் நிலம் வேறு. கிழக்கே பனையும் முள்ளும் செம்மண்ணும். மேற்கே இறங்கியதும் நாஞ்சில் நாட்டு வயல். இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. பழையாறும் குளங்களும் சேர்ந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளை நெற்களஞ்சியமாக வைத்திருந்தன. வறண்ட பக்கத்தில் இருந்து வருகிற எந்தப் படைக்கும் இது கண்ணில் படாமல் இருக்குமா? பாண்டியர், வேணாட்டு (பின்னாளைய திருவிதாங்கூர்) அரசர், பிறகு மதுரை நாயக்கர் என்று நாஞ்சில் நாட்டுக்கு ஆள் மாறி ஆள் உரிமை கொண்டாடியதற்கு அடிப்படைக் காரணம் நெல்தான் என்பது என் எண்ணம். திறை, எல்லை, மானம் எல்லாம் அதற்கு அப்புறம்.

1635-இல் திருமலை நாயக்கரின் படை வந்தபோது வேணாட்டு அமைச்சர் இரவிக்குட்டிப் பிள்ளை கணியாகுளத்தில் எதிர்த்து நின்று மாண்டார். தென் திருவிதாங்கூரில் வில்லுப்பாட்டாகவே அவர் கதை நிலைத்துவிட்டது. கணியாகுளம் இருப்பது நாகர்கோவிலுக்குப் பக்கத்தில். அதாவது படை கணவாயைத் தாண்டி, வயல் வெளியையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது. ராணி மங்கம்மாள் காலத்திலும் மதுரைப் படை திருவிதாங்கூர்மீது வந்தது. வாசல் உடைந்தால் நாஞ்சில் நாட்டில் எதிரியை நிறுத்துவதற்கு மலையோ ஆழமான ஆறோ கிடையாது. அடுத்துத் தடுக்கக்கூடிய இடம் வேளிமலை அடிவாரம்தான்.

வில்லுக்குறியைத் தாண்டி மேற்கே வந்தால் நிலம் மறுபடி மாறுகிறது. வடக்கே வேளிமலை நெருங்கி வருகிறது. மேடும் பள்ளமுமாகத் தோட்டங்கள், நடுவில் வயல் ஏலாக்கள். வேளிமலைப் பக்கம் பிறந்து கடியப்பட்டணத்தில் கடலில் சேருகிற வள்ளியாற்றின் பள்ளத்தாக்கு இது. நாஞ்சில் நாடு போல விரிந்து கிடக்கிற சமவெளி இல்லை. படை வந்தால் குறுகி வர வேண்டிய இடம். வேணாட்டு அரசர்கள் கல்குளத்தில் தலைநகரை வைத்தது சும்மா இல்லை. அந்தக் கல்குளம்தான் பின்னாளில் பத்மநாபபுரம் ஆனது. அரண்மனையில் இருந்து சுமார் இரண்டு கிலோமீட்டரில், தனியாக எழும்பி நிற்கிற சுமார் 260 அடி உயரக் குன்றைச் சுற்றித்தான் உதயகிரிக் கோட்டை.

முதலில் அது மண்கோட்டை. 1595 முதல் 1607 வரை ஆண்ட வீர ரவிவர்மா காலத்தில் எழுந்தது. நாயக்கர் படையெடுப்புகளின் காலத்தில் அந்த மண்சுவர்தான் இருந்தது. குதிரை, ஈட்டி, வாள் என்று வருகிற படைக்கு மண்சுவரும் முள்வேலியும் போதும் என்று நினைத்த காலம்.

பின்பக்கமாக வந்தவர்கள்

நினைப்பைக் கலைத்தவர்கள் டச்சுக்காரர்கள். அவர்கள் ஆரல்வாய்மொழி வழியாக வரவில்லை. 1741-இல் குளச்சலில் கடல்வழியாக இறங்கினார்கள்.

மிளகுதான் விஷயம். மார்த்தாண்ட வர்மா 1729-இல் பட்டத்துக்கு வந்ததில் இருந்து வடக்கே உள்ள சிற்றரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அந்தச் சிற்றரசுகளோடுதான் மிளகு ஒப்பந்தம். அவை திருவிதாங்கூர் கைக்குப் போனால் விலையை மகாராஜாவே நிர்ணயிப்பார். அதனால் தலைநகரையே அடித்துவிடலாம் என்று தெற்கே படையை இறக்கினார்கள். குளச்சலில் இருந்து பத்மநாபபுரம் பதினைந்து கிலோமீட்டருக்குள். நடுவில் மலை கிடையாது, கணவாய் கிடையாது. பல தலைமுறையாகக் கிழக்கையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு ராஜ்யத்தின் தலைநகரைத் தென்மேற்கில் இருந்து அரை நாள் நடையில் எட்டிவிட முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அரசர் வடக்கே போர்முனையில் இருந்து திரும்பி வந்து டச்சுப் படையைக் குளச்சலுக்கே தள்ளி, அங்கே மடக்கினார். ஆகஸ்ட் மாதம், கடல் கொந்தளிக்கிற காலம். கப்பலில் இருந்து உதவி இறக்குவது லேசில்லை. 1741 ஆகஸ்ட் 10 என்று இன்றைக்கு நினைவுகூரப்படுகிற அந்தச் சண்டையில் டச்சுக்காரர்கள் தோற்றார்கள். குளச்சலில் வெற்றித்தூண் நிற்கிறது. கடற்கரை மீனவர்கள் அரசருக்குத் துணை நின்றார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள்.

‘ஆசியாவில் ஐரோப்பியப் படையை முதன்முதலில் தோற்கடித்த போர்’ என்று இதைப் பலரும் எழுதுகிறார்கள். வாட்ஸ்அப்பிலும் ஆண்டுதோறும் வரும். அது சரியில்லை. 1662-லேயே சீனத் தளபதி செங் செங்கோங் தைவானில் இதே டச்சுக்காரர்களின் ஸீலாந்தியா கோட்டையை முற்றுகையிட்டுப் பிடித்துவிட்டார். குளச்சலுக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை. கேரளக் கரையில் டச்சு ஆதிக்கம் இறங்குமுகமானது அங்கேதான். 1753-இல் மாவேலிக்கரையில் திருவிதாங்கூரோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஒதுங்கினார்கள். அதுவே பெரிய விஷயம்.

உதயகிரிக்கு இந்தப் போரால் கிடைத்தது இரண்டு. ஒன்று, மண்சுவர் இனி உதவாது என்ற பாடம். இன்னொன்று, கல்சுவர் கட்டத் தெரிந்த ஆள்.

கைதி கட்டிய சுவர்

யூஸ்டாச்சியஸ் பெனடிக்டஸ் டி லனாய் இன்றைய பிரான்சில் உள்ள அராஸ் நகரத்துக்காரர். டச்சுக் கம்பெனியில் படை அதிகாரி. குளச்சலில் சரணடைந்தவர்களில் ஒருவர். பிடிபட்ட ஐரோப்பியர்களை உதயகிரியில்தான் காவலில் வைத்தார்கள். மார்த்தாண்ட வர்மா அவரிடம் முதலில் கொடுத்த வேலை சிறியது: மெய்க்காவல் படையில் சிலருக்கு ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பயிற்சி. அது நன்றாக நடந்ததும் முழுப் படையும் அவர் கைக்கு வந்தது. பின்னாளில் ‘வலிய கப்பித்தான்’ என்ற பதவிப் பெயரோடு திருவிதாங்கூர்ப் படையின் தலைமைக்கே போய்விட்டார்.

உதயகிரியைக் கருங்கல்லில் திருப்பிக் கட்டியது குளச்சல் போருக்கு அடுத்த சில ஆண்டுகளில். உள்ளே சுமார் 90 ஏக்கர். கட்டிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் மலைக்கோட்டைகளின் வழக்கம் இங்கே இல்லை. திண்டுக்கல்லிலும் நாமக்கல்லிலும் பாறையின் உச்சியில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். ஏறி வருகிறவனை மேலே இருந்து அடிக்கலாம் என்பது அந்தக் கணக்கு. உதயகிரியில் சுவர் குன்றின் உச்சியில் இல்லை. அடிவாரத்தைச் சுற்றி ஓடுகிறது. குன்று கோட்டைக்குள்ளே அடங்கிவிட்டது.

பீரங்கி வந்ததால் ஏற்பட்ட மாற்றம் இது. உச்சியில் வைத்த பீரங்கியில் இருந்து கீழே சுட்டால் குண்டு ஓரிடத்தில் போய்க் குத்தி நின்றுவிடும். அங்கே நிற்கிற ஒன்றிரண்டு பேரோடு சரி. தரையில் இருந்து அதிக உயரமில்லாத சுவரில் வைத்துச் சுட்டால் குண்டு நிலத்தை ஒட்டி ஓடும், தட்டித் தட்டி எழும்பி வரிசையில் நிற்கிறவர்களைச் சாய்த்துக்கொண்டே போகும். அப்புறம், உயரமான மெல்லிய சுவர் எதிரியின் பீரங்கிக்கு நல்ல இலக்கு. தாழ்வாகவும் பருமனாகவும் இருப்பதுதான் தாங்கும். உதயகிரிச் சுவரின் உயரம் சுமார் 18 அடிதான். பருமன் அதற்கு அதிகம் குறைந்ததில்லை. வாசல் பக்கம் நின்று அந்தக் கற்களின் அளவைப் பார்த்தாலே சுவர் எதை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது என்று புரியும். தப்பி உள்ளே விழுகிற குண்டைப் பற்றிக் கவலை குறைவு. 90 ஏக்கரில் ஒதுங்க இடமா இல்லை?

குன்று எதற்கு? பார்வைக்கு. உச்சியில் ஆள் நின்றால் கிழக்கே நாஞ்சில் நாட்டுப் பக்கத்துச் சாலை, தெற்கே கடற்கரைப் பக்கம், அருகில் பத்மநாபபுரம் என்று சுற்றுவட்டாரம் முழுவதையும் நோட்டமிடலாம். 1741-க்குப் பிறகு கடல் பக்கத்தையும் ஒரு கண் பார்த்தாக வேண்டும்.

பத்மநாபபுரத்துக்கும் தனியாக ஒரு கருங்கல் மதில் உண்டு. சுமார் 185 ஏக்கரை வளைத்து நிற்கிறது. அரண்மனை அதற்குள்ளே ஆறரை ஏக்கர் அளவுக்குத்தான். இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் எதற்கு இரண்டு கோட்டை? ஒன்று அரசருக்கு, இன்னொன்று ஆயுதத்துக்கு. உதயகிரிக்குள்ளே டி லனாயின் மேற்பார்வையில் பீரங்கி வார்க்கும் பட்டறை நடந்தது. பீரங்கி, சிறுபீரங்கி, குண்டு எல்லாம் அங்கே தயாராயின. படைவீடும் அங்கேதான், ஆயுதக் கிடங்கும் அங்கேதான், சிறையும் அங்கேதான். உலையும் வெடிமருந்தும் உள்ள இடத்தை அரண்மனைப் பக்கத்தில் யாரும் வைக்க மாட்டார்கள். அதேசமயம் அரசரின் கைக்கு எட்டாத தூரத்திலும் வைக்க மாட்டார்கள்.

அங்கே வார்த்த ஒரு பித்தளைப் பீரங்கியைப் பற்றி, பிற்காலத்தில் கோட்டையைப் பிடித்த ஆங்கிலப் படை அதிகாரி ஒருவர் வியந்து எழுதி வைத்திருக்கிறார். நீளம் 16 அடி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களும் 16 யானைகளும் சேர்ந்து இழுத்தும் சில கஜம்கூட நகர்த்த முடியவில்லையாம். நகர்த்த முடியாத பீரங்கியால் போரில் என்ன பயன் என்று கேட்கலாம்தான். ஆனால் அவ்வளவு உலோகத்தை ஒரே வார்ப்பில் ஊற்றும் திறமை புலியூர்க்குறிச்சியில் இருந்தது என்பதற்கு அது சாட்சி.

டி லனாய் இதோடு நிற்கவில்லை. கிழக்குக் கடற்கரையில் வட்டக்கோட்டையையும் அவர் திருத்திக் கட்டினார். மீன் சின்னம் செதுக்கிய கற்கள் அங்கே இருப்பதால் அந்த இடத்துக்குப் பாண்டியர் தொடர்பும் உண்டு என்பார்கள். ஆரல்வாய்மொழி மலைக்கும் வட்டக்கோட்டைக் கடலுக்கும் நடுவே உள்ள நிலம்தான் திருவிதாங்கூரின் திறந்த கிழக்குப் பக்கம். அதை அடைக்கத்தான் கணவாயில் மதிலும் காவல் மேடைகளும், கடலோரத்தில் கோட்டையும். வடக்கு எல்லையிலும் அவருடைய காலத்தில் இதே யோசனைதான்: கொடுங்ஙல்லூர்ப் பக்கம் தொடங்கி மலை வரை நீண்ட நெடுங்கோட்டை. 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் வந்து முட்டியது அதன்மீது.

கோட்டைக்கும் எல்லைக்கும் நடுவே ஒருவர்

கோட்டை கட்டும் வேலையில் மேற்பார்வை பார்த்த அரண்மனை அலுவலர்களில் நட்டாலத்தைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை ஒருவர். டி லனாயோடு பழக்கம் ஏற்பட்டு, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். வடக்கன்குளம் ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலிச் சீமையில். 1749-இல் கைது. அப்புறம் மூன்று ஆண்டுகள் சித்திரவதையும் இடம் மாற்றலும்.

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. தாகத்தில் தவித்த தேவசகாயம் கைமுட்டியால் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்பது நம்பிக்கை. கோட்டைக்கு வருகிறவர்களைவிட அங்கே வருகிறவர்கள் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். கடைசியில் அவரைக் கொண்டுபோன இடம் ஆரல்வாய்மொழி. எல்லைக்கு அந்தப் பக்கம் துரத்திவிடுவது என்பது அன்றைய தண்டனைகளில் ஒன்று. அங்கே காற்றாடிமலையில் 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இந்தக் கட்டுரைக்கு அவர் கதை ஏன் என்றால், கோட்டையும் கணவாயும் ஒரே அமைப்பின் இரண்டு முனைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. வேலை பார்த்தது உதயகிரியில். மதம் மாறியது எல்லைக்கு வெளியே. உயிர் போனது எல்லையில்.

வாசல் உடைந்த நாள்

உதயகிரியின் கல்சுவருக்குச் சோதனை வந்தது 1809-இல்.

திருவிதாங்கூர் 1795-இலும் 1805-இலும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி, கம்பெனிப் படையை வைத்துக்கொள்வதற்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 1805-க்குப் பிறகு அது 8 லட்சம் ரூபாய். திவானாக இருந்த வேலுத்தம்பி தளவாய் பக்கத்துத் தலக்குளத்துக்காரர். இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். பணத்துக்காகக் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலே கொடுத்த நெருக்கடி முற்றிக் கலகமானது. 1809 ஜனவரி 11 அன்று கம்பெனிக்கு எதிராக மக்களை எழச் சொல்லும் குண்டறை அறிவிப்பை வேலுத்தம்பி வெளியிட்டார். அதே மாதத்தில் கொல்லத்தில் நடந்த சண்டையில் திருவிதாங்கூர்ப் படை தோற்றது. இந்தப் பக்கம், திருநெல்வேலியில் இருந்து கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் கம்பெனிப் படை கிளம்பி ஆரல்வாய்மொழிக்கு முன்னால் வந்து நின்றது.

கணவாயை அடைத்து நின்ற அரண் ஏறத்தாழ இரண்டு மைல் நீளம். ஒரு மலையில் இருந்து இன்னொரு மலை வரை சுவர். இடையிடையே பீரங்கி வைத்த சிறு காவல் அரண்கள். நேராக மோதினால் பலத்த சேதம் ஆகும் என்று வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் நேராக மோதவில்லை. மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு சிறு பிரிவு இரவில் தென்புறத்து மலையில் முள்ளிலும் பாறையிலும் பல மணி நேரம் ஏறி, விடிகாலையில் மேலே இருந்த அரணைப் பிடித்தது. அங்கே பிடிபட்ட பீரங்கிகளையே கீழே திருப்பிவிட்டால் சுவருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு ஒதுங்க இடம் ஏது? பிப்ரவரி 10 அன்று ஆரல்வாய்மொழி வீழ்ந்தது. மலையில் யாரும் ஏறி வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த அரணே நின்றிருக்கிறது.

அடுத்து நாஞ்சில் நாட்டு வெளியில், நாகர்கோவில், கோட்டாறு பக்கம் ஒரு சண்டை. அதுவும் நிற்கவில்லை. பத்து நாட்களுக்குள் உதயகிரியும் பத்மநாபபுரமும் கம்பெனியின் கையில். அவ்வளவு கனமான சுவர், உள்ளே அவ்வளவு பீரங்கி, துப்பாக்கி. ஒரு முற்றுகைகூட நடக்கவில்லை.

இதைக் கோழைத்தனம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எந்தக் கோட்டையும் தானாகப் போரை வென்று தராது. வெளியில் இருக்கிற நம் படை வந்து சேரும் வரை எதிரியை நிறுத்தி வைப்பதுதான் அதன் வேலை. 1809 பிப்ரவரியில் வெளியில் வர வேண்டிய படை எதுவும் மிச்சமில்லை. கிழக்கே வாசல் போயிற்று. வடக்கே கொல்லத்திலும் கம்பெனிப் படை வென்று நின்றது. மகாராஜாவே சமாதானத்துக்குத் தயாராகிவிட்டார். யார் வந்து மீட்பார்கள் என்று உள்ளே இருப்பவர்கள் கதவை அடைத்துக் காத்திருப்பது? வேலுத்தம்பி தப்பிப் போய் மண்ணடியில் உயிரை விட்டார். அதற்குப் பிறகும் அவருடைய உடலைத் திருவனந்தபுரத்தில் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். கோட்டையில் சில காலம் கம்பெனிப் படை தங்கியிருந்தது. பட்டறை ஓய்ந்தது. தலைநகரம் அதற்கு முன்பே பத்மநாபபுரத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டதால், பெட்டகத்தில் வைத்துப் பாதுகாக்க அப்புறம் எதுவும் இல்லை.

எல்லை இடம் மாறியது

கோட்டையைப் புரிந்துகொள்வதில் நமக்கு வருகிற குழப்பத்துக்குப் பெரிய காரணம் 1956. தமிழர்கள் நிறைந்த தென் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று நேசமணி முதலானோர் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டில் சேர்ந்தன.

அன்றோடு ஆரல்வாய்மொழி எல்லை என்ற தகுதியை இழந்தது. இன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து உள்ளே நுழைகிற முதல் ஊர்களில் ஒன்று, அவ்வளவே. எல்லை மேற்கே களியக்காவிளைக்குப் போய்விட்டது. கிழக்கில் இருந்து வருகிற எதிரிக்காகக் கட்டிய கோட்டை, அந்தக் கிழக்கோடு சேர்ந்த மாநிலத்துக்குள் இருக்கிறது. எந்தத் தலைநகரத்துக்காகக் கட்டினார்களோ அந்தத் தலைநகரத்தின் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது, தமிழ்நாட்டு மண்ணில். உதயகிரிக்குள் நுழைவுச்சீட்டு கொடுப்பது தமிழ்நாடு வனத்துறை. அரண்மனையில் சீட்டு கொடுக்கிறவரும் மலையாளத்தில் பேசி வழிகாட்டுகிறவரும் கேரள அரசு ஊழியர். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஒரே வரலாற்றின் இரண்டு பாதிகளுக்கு இரண்டு அரசாங்கம். வருகிறவர்கள் அரண்மனையைக் கேரளச் சுற்றுலாவாகவும் கோட்டையைப் பிள்ளைகள் பூங்காவாகவும் பார்த்துவிட்டுப் போவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கோட்டைக்குள்ளே டி லனாயின் கல்லறை இருக்கிற சிற்றாலயம் கூரையில்லாமல், சுவர்கள் மட்டுமாக நிற்கிறது. அவர் 1777 ஜூன் 1 அன்று உதயகிரியிலேயே இறந்தார். மனைவியும், களக்காட்டுப் போரில் இளவயதிலேயே இறந்த மகனும் அங்கேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் உண்டு. வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது லத்தீன் வாசகம். முப்பத்தேழு ஆண்டுகள் அரசருக்கு உண்மையாகச் சேவை செய்தவர், காயங்குளம் முதல் கொச்சி வரை உள்ள நாடுகளை ஆயுத பலத்தால் அடக்கியவர் என்று புகழ்கிறது. பட்டியலில் இருப்பதெல்லாம் வடக்கே ஜெயித்த இடங்கள். தெற்கிலும் கிழக்கிலும் அவர் கட்டிய சுவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. கல்லறைகளில் வெற்றியைத்தான் எழுதுவார்கள், கட்டடத்தை எழுத மாட்டார்கள். அது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் மகன் செத்த களக்காடு ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த வாசகத்தைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. எல்லாரும் செய்வது போல அரண்மனையில் ஆரம்பிக்காதீர்கள். வள்ளியூர்ப் பக்கம் இருந்து காரிலோ பஸ்ஸிலோ காலையில் கணவாய்க்குள் நுழையுங்கள். இரண்டு பக்கமும் மலை எவ்வளவு நெருங்கி வருகிறது, 1809-இல் எந்தச் சரிவில் ஏறியிருப்பார்கள் என்று ஆரல்வாய்மொழியில் இறங்கி ஐந்து நிமிடம் பாருங்கள். காற்றாடிமலையும் அங்கேதான். பிறகு தோவாளை, நாகர்கோவில் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்து, வில்லுக்குறி தாண்டி நிலம் மேடாகிற இடத்தைக் கவனித்து, உதயகிரியில் சுவரை வெளிப்பக்கமாகக் கொஞ்ச தூரம் சுற்றிவிட்டு உள்ளே போங்கள். அரண்மனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். படை வந்த வரிசை அதுதான். வட்டக்கோட்டைக்கு இன்னொரு நாள் வேண்டும். திங்கட்கிழமை மட்டும் கிளம்ப வேண்டாம், அரண்மனைக்கு அன்று விடுமுறை.